கழுத்துக் கட்டியும் குடும்பத்தார் அறிய வேண்டியதும்

(ரெங்கத்தில் நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் ஐயா கேட்டுக்கொண்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். அவற்றைப் பற்றி இதே மேடையில் பலர் நன்றாகவே பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அரிய நோய். இங்கே அமர்ந்திருப்போரில் ஒருவருக்குக்கூட அது இல்லாமல் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். ஆனால் இந்த நோய் ஒருவருக்கு வந்தால் அந்த ஒருவரோடு நிற்பதில்லை. அவருடைய அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். தெரிந்தால் பிழைக்கலாம். நம் குடும்பங்களில் இத்தகைய செய்தி எங்கே நின்றுவிடுகிறது என்பதை நான் நேரில் கண்டிருப்பதால், இதையே பேசுவது என்று முடிவு செய்தேன்.

இந்த வட்டாரத்தில் ரெங்கம், சிம்பாங் ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம், பின்னர் செம்பனை. தோட்டத்தில் கழுத்துக் கட்டி என்பது புதிய காட்சி அன்று. ஆண்கள் கழுத்தில் துண்டைச் சுற்றி மறைப்பார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். வலி இல்லை, வேலைக்கும் தடையில்லை என்றால் தோட்டத்து டிரெஸ்ஸரிடம்கூட யாரும் காட்டமாட்டார்கள். "அம்மாவுக்கும் இருந்தது, பாட்டிக்கும் இருந்தது, எங்கள் குடும்ப வாகு" என்று சொல்லிச் சமாதானம் அடைந்துவிடுவார்கள். அந்தக் குடும்ப வாகு என்ற சொல்லைத்தான் மருத்துவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி இறகு விரித்ததுபோல் அமைந்திருக்கிறது. எடை சுமார் 20 கிராம். உடலின் சூடு, எடை, இதயத் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாவற்றிற்கும் இது சுரக்கும் இயக்குநீர் தேவை. அந்த நீரைச் செய்ய அயோடின் வேண்டும். அயோடின் குறைந்தால் சுரப்பி பெருக்கும். அதுவே நாம் கழலை என்பது. சரவாக்கின் உட்பகுதிகளில் இது நெடுங்காலம் பெரிய தொல்லையாக இருந்தது.

கழுத்தில் கட்டி என்றதும் பயந்துவிடாதீர்கள். தைராய்டில் தோன்றும் கட்டிகளில் நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக இருப்பவற்றிலும் பெரும்பாலானவை பாப்பிலரி என்னும் வகை. அது மெதுவாக வளர்வது, அறுவை சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது. தேவைப்பட்டால் கதிரியக்க அயோடின் கொடுத்து மிச்சத்தையும் அழிக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரம் தவறாமல் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். "டாக்டர், தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்" என்று சொல்லிக் கட்டியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். டி.எஸ்.எச். என்ற அந்த இரத்தப் பரிசோதனை, சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைத்தான் சொல்லும். கட்டி நல்லதா கெட்டதா என்பதை அது சொல்லாது. தைராய்டு புற்றுநோய் உள்ள பெரும்பாலோருக்கு அந்தப் பரிசோதனை நார்மலாகவே இருக்கும். கட்டியை அறிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் சில அணுக்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அதற்காக இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனி அரிய கட்டிகள். இரண்டை வேகமாகச் சொல்லிவிட்டு மூன்றாவதற்கு வருகிறேன்.

வயதானவருக்கு, சில வாரங்களுக்குள் கழுத்து கண்முன்னே வீங்கி, குரல் கம்மி, மூச்சு முட்டினால் இரண்டு நோய்களை நினைக்க வேண்டும். ஒன்று அனாபிளாஸ்டிக் புற்றுநோய். மனிதனுக்கு வரும் புற்றுநோய்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. பலருக்கு மாதக் கணக்கில்தான் வாழ்நாள். அதிலும் பிராஃப் என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு 2018 முதல் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு, சிலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. மற்றொன்று தைராய்டு லிம்ஃபோமா. ஹாஷிமோட்டோ என்னும் தைராய்டு அழற்சி பல ஆண்டுகளாக உள்ள வயதான பெண்களுக்குச் சில சமயம் வருவது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் லிம்ஃபோமா மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கரையும்; பெரிய அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படாது. ஆகவே "வயதாகிவிட்டது, இனி எதற்கு ஊசியும் கத்தியும்" என்று பாட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்வது, குணமாகக்கூடிய நோயைக் குணமாகாத நோயாக எண்ணி விட்டுவிடுவதாக முடியலாம்.

மூன்றாவது மெடுல்லரி புற்றுநோய். தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு ஓரிரண்டு முதல் ஐந்துக்குள் என்று கணக்குச் சொல்வார்கள். இது அயோடினை எடுத்துக்கொள்ளும் சாதாரணத் தைராய்டு அணுக்களில் தோன்றுவதன்று. அவற்றிற்கு இடையே, முழுச் சுரப்பியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, சி-அணுக்கள் என்ற வேறொரு கூட்டம் குடியிருக்கிறது. அவை கால்சிடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கின்றன. நோய் அங்கிருந்து கிளம்புகிறது. எனவே கதிரியக்க அயோடின் இதற்குப் பயன்படாது. பக்கத்து வீட்டு அக்காளுக்கு அயோடின் கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அமெரிக்காவில் ஹசார்ட், ஹாக், கிரைல் என்ற மூன்று மருத்துவர்கள் 1959இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார்கள். கால்சிடோனின் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இக்கட்டி சி-அணுக்களிலிருந்தே வருகிறது என்று வில்லியம்ஸ் 1966இல் எடுத்துரைத்தார். 1993இல்தான் பெரிய கதவு திறந்தது. இந்நோய் குடும்பமாகத் தொடர்வதற்கு ரெட் என்னும் ஒரே மரபணுவில் ஏற்படும் பிழையே காரணம் என்று கண்டார்கள்.

மெடுல்லரி நோயாளிகள் நால்வரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. மற்ற மூவருக்குத் தானாக வருகிறது. முகத்தைப் பார்த்து யார் எந்த வகை என்று சொல்ல முடியாது. அதனால்தான் மெடுல்லரி என்று உறுதியான ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லையென்றாலும்கூட, ரெட் மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட விதி.

இப்போது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் சொல்கிறேன். தந்தை தோட்டத்தில் வேலை செய்தவர். நடுவயதில் கழுத்துக் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். மருத்துவமனை கொடுத்த ஆய்வுத் தாளை மடித்து, பிறப்புப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மனைவியிடம் சொன்னது, "கட்டியை எடுத்தாச்சு, ஒன்றுமில்லை." பெண்பிள்ளைகள் இருவர், ஆண்பிள்ளைகள் இருவர். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுக்க வேண்டிய காலம். பரம்பரை நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் காலமானபின் பத்திரங்களைத் தேடிப் பெட்டியைத் திறந்த மூத்த மகன் அந்தத் தாளைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கே கழுத்தில் கட்டி. கட்டியைக் காட்ட வந்தவர், தாளையும் கூடவே கொண்டுவந்தார். அதை வாசித்த பிறகு, கட்டியைவிடத் தாள்தான் என்னைக் கலக்கியது. அவருக்கு நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தது. மூத்த சகோதரிக்கு மரபணுப் பிழை இருந்தது; அடுத்த சகோதரிக்கு இல்லை. மூத்த சகோதரியின் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இருந்தது. அந்தக் குழந்தைக்கு, கட்டி என்று கையில் தட்டுப்படும் முன்பே சுரப்பியை எடுத்துவிட்டார்கள். இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, காலையில் ஒரு மாத்திரையோடு. கடைசித் தம்பி மட்டும் சோதனைக்கு வரவில்லை. "தெரியாமலே இருந்துவிடுகிறேன் டாக்டர்" என்கிறார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்தப் பிழை எப்படி இறங்குகிறது? தாய் தந்தை இருவரில் ஒருவரிடம் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவதுபோல. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவளுக்கு வராது என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஆண், பெண் வேறுபாடும் இல்லை. ஆனால் ஒருவருக்குப் பிழை இல்லை என்று சோதனை சொல்லிவிட்டால், அவருடைய பிள்ளைகளுக்கு அவர் வழியாக அது போகாது. அந்த இரண்டாவது சகோதரி முடிவைக் கேட்டதும் அழுதார். நிம்மதியால்தான் என்று எண்ணினேன். அக்காளை நினைத்து அழுததாகப் பிறகு சொன்னார்.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் ஒரு வம்சத்தில் பயணம் செய்யும் என்பதற்கு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்துச் செய்தி ஒன்று உண்டு. 1886இல் மின்னா ரோல் என்ற 18 வயதுப் பெண் படபடப்பும் தலைவலியுமாக மருத்துவமனைக்கு வந்து, திடீரென்று இறந்துபோனாள். பிரேதப் பரிசோதனையில் இரு சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்தன. ஃபெலிக்ஸ் ஃப்ரேங்கல் என்ற மருத்துவர் அதை எழுதிவைத்தார். 121 ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே குடும்பத்தின் வழிவந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, இன்றும் உயிரோடு உள்ள உறவினர் சிலரிடம் ரெட் மரபணுப் பிழை இருப்பது தெரிந்தது. எழுதிவைத்த தாள் ஒன்று இருந்ததால் அது முடிந்தது.

அட்ரினல் என்று சொன்னேன் அல்லவா, அது இந்நோயின் மறுமுகம். ரெட் பிழை உள்ளவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி வரும். திடீரென்று தலையைப் பிளக்கும் வலி, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சு படபடப்பு, முகம் வெளிறிப்போதல்; சிறிது நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடுதல். இதைக் "காத்து கருப்பு" என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. கூடவே இரத்த அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். இந்தக் கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், அறுவை மேடையிலேயே இரத்த அழுத்தம் எகிறி உயிர் போகக்கூடும். பிரசவத்திலும் அதே ஆபத்து. எனவே மெடுல்லரி நோயாளிக்குக் கழுத்தில் கத்தி வைக்கும் முன், அட்ரினலைச் சோதித்தாக வேண்டும். அங்கே கட்டி இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், பிறகே கழுத்து.

இன்னும் சில தடயங்கள் உண்டு. இந்தக் குடும்பங்கள் சிலவற்றில், மேல்முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஆறாத அரிப்பும் கறுத்த தடிப்பும் இருக்கும். வருடக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டிருப்பார்கள். சிலருக்குச் சிறுநீரகக் கல். நோய் முற்றியவர்களுக்கு நிற்காத வயிற்றுப்போக்கும் முகம் சிவந்து சூடாவதும் வரும். வயிற்றுக்கு மருந்து சாப்பிட்டே காலம் கழியும். இன்னொரு வகையில் பிள்ளைகள் ஒல்லியாக, கைகால் நீண்டு, தடித்த உதடும் நாக்கில் சிறு சிறு முடிச்சுகளுமாக இருப்பார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே அழுதால் கண்ணீர் வராது. இந்த வகை பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவது, மிகவும் வேகமானது.

சோதனைகளை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்? ஸ்கேன், ஊசிச் சோதனை. ஊசிச் சோதனை சில சமயம் மெடுல்லரியைத் தவறவிட்டுவிடும். அப்போது இரத்தத்தில் கால்சிடோனின் அளவு காட்டிக்கொடுக்கும். அத்தோடு சி.இ.ஏ. என்ற மற்றோர் இரத்தச் சோதனை. பிறகு அட்ரினல், கால்சியம். பிறகு ரெட். சிகிச்சை, தைராய்டு முழுவதையும் அதை அடுத்துள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுப்பது. பாதியை எடுத்துப் பாதியை விடுவது இங்கே பொருந்தாது. எந்த இடத்தில் மரபணு பிழைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் குழந்தைகளுக்கு நாள் குறிக்கிறார்கள். 918ஆம் இடத்தில் பிழை என்றால் முதல் பிறந்தநாளுக்குள். 634ஆம் இடம் என்றால் ஐந்து வயதிலோ அதற்கு முன்போ. மற்றவற்றிற்குக் கால்சிடோனினைக் கண்காணித்து முடிவு செய்யலாம். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் வகுத்த முறை இது. நான் சொன்ன ஆறு வயதுப் பிள்ளை சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. தாத்தாவின் தாள் பெட்டிக்குள் இருந்தது.

நோய் இல்லாத குழந்தையின் கழுத்தை அறுப்பதா என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 19 வயதுக்குள் இவ்வாறு முன்கூட்டியே அறுவை செய்துகொண்ட 50 பேரை ஐந்தாண்டும் அதற்கு மேலும் கவனித்தார்கள். 44 பேரிடம் நோயின் சுவடே இல்லை. மிக இளம் வயதில் செய்துகொண்டவர்களுக்கே பலன் அதிகம் என்றும் தெரிந்தது.

நம் மக்களுக்கு இது வெள்ளைக்காரர் நோய் என்ற எண்ணம் வேண்டாம். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், மெடுல்லரி நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த தங்கள் 20 ஆண்டு அனுபவத்தை 2007இல் ஓர் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார்கள். இங்கே நமக்கு வழி, பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கும். அங்கிருந்து கடிதம் வாங்கிக் குளுவாங் மருத்துவமனை. தேவைப்பட்டால் ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகள். புத்ராஜெயா மருத்துவமனையில் இத்தகைய சுரப்பி அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தூரம்தான். ஆனால் இதுபோன்ற அறுவையை அடிக்கடி செய்யும் கையில் கழுத்தைக் கொடுப்பது நல்லது. குரலுக்கான நரம்பும், கால்சியத்தைக் காக்கும் நான்கு சிறு சுரப்பிகளும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அறுவைக்குப் பின் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போனால் கால்சியம் குறைகிறது என்று பொருள். உடனே சொல்ல வேண்டும்.

பரவிவிட்டவர்களுக்கும் இன்று வழி அடைபட்டுவிடவில்லை. 2011இல் வாண்டெட்டனிப், 2012இல் கபோசாண்டினிப், 2020இல் ரெட் பிழையையே குறிவைக்கும் செல்பெர்காடினிப் என்று மாத்திரைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நோயைச் சுருக்கிப் பல காலம் அடக்கி வைக்கின்றன. விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்குச் செய்யும் ஒரே அறுவையையும் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் மலிவான தைராக்சினையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தைராக்சின் என்றதும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காப்பிக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைக் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். தைப்பூச விரதம் என்று மண்டலக்கணக்கில் இதை நிறுத்தியவர்கள் உண்டு. விரதத்துக்கும் வெறும் வயிறுதான், மாத்திரைக்கும் வெறும் வயிறுதான், இரண்டுக்கும் சண்டையில்லை.

பேச்சு முடிந்தபின் எழுந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: "ஐயா, இது சொந்தத்தில் கட்டிக்கொள்வதால் வருகிற நோயா? அசலில் கொடுத்தால் வராமல் போகுமா?"

இல்லை அம்மா. சொந்தத்தில் கட்டுவதால் பெருகும் நோய்கள் வேறு. அவற்றிற்குத் தாய் தந்தை இருவரிடமும் பிழை இருக்க வேண்டும். இதற்கு ஒருவரே போதும். அசலில் கொடுத்தாலும் இரண்டுக்கு ஒன்றுதான். சோதனை செய்து, பிழை இருந்தால் சுரப்பியை எடுத்துவிட்ட பெண் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளையும் பெறலாம்; கருவுறும் முன் அட்ரினலை மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறக்கும் குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா என்று அடுத்துக் கேட்டார். மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றேன். ஒருநாள் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வரப்போகிறவர் அவர்தானே.